பல்லில் தொடங்கும் முகம்

2014இல் வேலை விஷயமாக இரண்டு மாதம் லண்டனில் இருக்க நேர்ந்தது. பவுண்டை மனசுக்குள் நூறால் பெருக்கிப் பார்த்தாலே பாதிப் பசி அடங்கிவிடும். அதனால் சனி ஞாயிறு வந்தால் டிக்கெட் கேட்காத இடமாகத் தேடிப் போவோம், நானும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கல்லூரித் தோழனும். அப்படிப் போன இடங்களில் ஒன்றுதான் செல்சியில் இருக்கும் சாச்சி கேலரி. அப்போது அங்கே ‘பாஞ்சியா’ என்ற பெயரில் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களின் படைப்புகளை வைத்திருந்தார்கள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஒட்டிக்கிடந்த கண்டங்கள், இப்போது மறுபடி ஒரே கூரைக்குக் கீழே என்பது அவர்கள் கற்பனை.

அந்தக் கண்காட்சியைப் பார்த்த யாரைக் கேட்டாலும் எறும்பைத்தான் சொல்வார்கள். கொலம்பியாவின் ரஃபேல் கோமெஸ்பாரோஸ் செய்த ராட்சத எறும்புகள், மொத்தம் 440, சுவர் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு எறும்பின் உடம்பும் இரண்டு மண்டையோட்டு வார்ப்புகளைச் சேர்த்துக் கட்டியது. என் தோழன் அதன் முன்னால் நின்று ஏழெட்டு போட்டோ எடுத்துக்கொண்டான். நானும் எடுத்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னோடு வந்தது எறும்பு இல்லை. வேறொரு சுவரில் மாட்டியிருந்த பெரிய பெரிய கான்வாஸ்கள். இரண்டு கையையும் விரித்து நின்றாலும் அளவுக்குள் அடங்காத அகலம். கறுப்பும் சாம்பலும் நடுவில் திடீரென்று ஒரு சிவப்பும். அதில் நெரிசலாகத் தலைகள். தலை என்றால் முழுசாகத் தலை என்றும் சொல்ல முடியாது. சதுரமாக, பெட்டி மாதிரி, சிலது மண்டையோடு மாதிரி. கண்கள் இரண்டு வட்டம், அதிலும் ஒன்று பெரிசு ஒன்று சின்னது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீள்சதுரம், அதைக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுப் பிரித்தால் பல். அவ்வளவுதான் முகம். சில தலைகளின் மேல் ஹெல்மெட், சில கைகளில் துப்பாக்கி. கையும்கூட கை இல்லை, தென்னங்குச்சியை ஒடித்துச் சேர்த்து வைத்த மாதிரி நான்கைந்து கோடுகள்.

தோழன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான், “என்னடா இது, எங்க அக்கா பையன் யூகேஜி நோட்டுல இதைவிட நீட்டா வரைவான்.”

நான் சிரித்தேன். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. பெயர்ப் பலகையில் ‘அபூதியா, ஐவரி கோஸ்ட்’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். பின்னால் அந்த ஆளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, தோழன் சொன்னதை அபூதியாவிடமே நேராகப் போய்ச் சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருக்க மாட்டார், ஆமாம் தம்பி, குழந்தைகள் வரைந்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருப்பார். கேலியாகச் சொன்னது நிஜமாகவே அந்த ஓவியத்தின் செய்முறைக் குறிப்பு.

சரி, ஆளைப் பற்றிக் கொஞ்சம். முழுப்பெயர் அப்துலாயே தியாராசுபா. 1983இல் அபெங்குருவில் பிறந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஐவரி கோஸ்ட் நாட்டின் கிழக்கே, கானா எல்லைப் பக்கம் இருக்கும் ஊர், கோகோ விளையும் பூமி. (நாம் தின்னும் சாக்லேட்டுக்கு உலகத்திலேயே அதிகமாகக் கோகோ தருவது ஐவரி கோஸ்ட்தான்.) ஓவியன் ஆகப்போகிறேன் என்று சொன்ன பையனை அப்பா வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார், அம்மா தன் சேமிப்பை எடுத்துக் கையில் கொடுத்தார் என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. அந்த நாட்டின் பெரிய நகரமான அபிஜானை ஒட்டியிருக்கும் பிங்கர்வில்லில் ஒரு பயன்பாட்டுக் கலைப் பள்ளி இருக்கிறது, அங்கே சேர்ந்து 2003இல் படிப்பை முடித்தார். இரவில் போக்கிடம் இல்லாமல், மற்ற மாணவர்கள் கிளம்பியபின் வகுப்பறையிலேயே படுத்துக்கொள்வாராம். அப்புறம் அபிஜானிலும் கலை படித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இவர் முறையாக வரையக் கற்றவர். எலும்பு எங்கே, தசை எங்கே, ஒரு உடம்புக்குள் எத்தனை தலை உயரம் அடங்கும் என்கிற பாடமெல்லாம் எந்தக் கலைப் பள்ளியிலும் உண்டு. அதையெல்லாம் தாண்டி வந்தவர், பள்ளிக்கு வெளியே போய் வேறு வாத்தியார்களைப் பிடித்தார். அஜாமே, அபோபோ மாதிரியான அபிஜானின் நெரிசல் பகுதிகளில் தெருவிலேயே வளரும் பிள்ளைகள் கரிக்கட்டையாலும் சாக்பீஸாலும் சுவரில் வரைந்து வைத்திருப்பதைப் பார்க்கிறார். கார். டிவி பெட்டி. வீடு. துப்பாக்கி. மனுஷன். என்னென்ன கையில் இல்லையோ அதெல்லாம் சுவரில் இருக்கிறது. ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்று நாம் சொல்வது உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை. அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பும் உத்தரவாதமில்லை, சுவரும் அடுத்தவனுடையது, சித்திரம் மட்டும்தான் சொந்தம்.

அந்தச் சுவர்க் கோட்டை அபூதியா எடுத்துக்கொண்டார். பார்த்து ரசித்ததோடு நிற்கவில்லை, அதன் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டார்.

இங்கே எனக்கு ஒரு சொல்லோடு சண்டை இருக்கிறது. இந்த மாதிரி ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் உடனே ‘உருச்சிதைவு’ என்று எழுதிவிடுகிறார்கள், நானும் பழைய பதிவொன்றில் எழுதியிருக்கிறேன். சிதைவு என்றால் முதலில் முழுசாக ஒன்று இருந்திருக்க வேண்டும், அப்புறம் அதை யாரோ உடைத்திருக்க வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தை மனிதனை வரைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வட்டம், அதற்குள் கண், வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால் முளைத்துவிடும். கழுத்து கிடையாது, வயிறு கிடையாது. உளவியல்காரர்கள் இதற்குத் தலைப்பிரட்டை மனிதன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்கக் குழந்தைகள் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் குழந்தை எதையும் சிதைக்கவில்லை. அதற்குத் தெரிந்த மனிதனில் எது முக்கியமோ அதை மட்டும் போடுகிறது, மீதியை விட்டுவிடுகிறது. அம்மாவின் கை பெரிசாக இருந்தால் அந்தக் கைதான் சோறு ஊட்டுகிறது, அல்லது அடிக்கிறது. அபூதியாவின் உருவங்களில் கண்ணும் பல்லும் பூதாகரமாக இருப்பதும் அந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். தெருவில் படுக்கிற பிள்ளைக்கு எதிரே வருகிற ஆளிடம் முதலில் தெரியவேண்டியது இரண்டே விஷயம். அவன் என்னைப் பார்க்கிறானா? பல்லைக் காட்டுகிறானே, அது சிரிப்பா, கடிக்க வருகிறானா?

எனக்குக் கடைசிவரை பிடிபடாமல் போவதும் அந்தப் பல்தான். அவர் ஓவியங்களில் யாரும் வாயை மூடிக்கொண்டு இல்லை. எல்லாரும் பல் தெரிய நிற்கிறார்கள். சிரிக்கிறார்கள் என்று ஒரு நாள் தோன்றும், பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்குகிறார்கள் என்று இன்னொரு நாள் தோன்றும், சும்மா மண்டையோடுதான், மண்டையோட்டுக்கு உதடு ஏது என்று மூன்றாவது நாள் தோன்றும்.

அந்த 2014 கண்காட்சியில் நான் பார்த்த கறுப்பு சாம்பல் கான்வாஸ்கள் போர்க்காலத்து ஓவியங்கள். 2010 நவம்பர் 28 அன்று ஐவரி கோஸ்டில் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. அலசான் வத்தாரா ஜெயித்தார் என்றது தேர்தல் ஆணையம், இல்லை, ஏற்கெனவே அதிபராக இருந்த லோரான் பாக்போதான் என்றது அரசியலமைப்பு மன்றம், இரண்டு பேரும் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடு, இரண்டு அதிபர். வத்தாரா அபிஜானில் கோல்ஃப் ஹோட்டலில் ஐ.நா. படைப் பாதுகாப்போடு உட்கார்ந்துகொண்டார், பாக்போ மாளிகையை விடவில்லை. அடுத்த மாதங்களில் சுமார் 3,000 பேர் செத்தார்கள். 2011 மார்ச் 3ஆம் தேதி அபோபோவில் ஊர்வலம் போன பெண்கள்மீது சுட்டு ஏழு பேரைக் கொன்றார்கள். ஏப்ரல் 11 அன்று பாக்போ பிடிபட்டார். (பிறகு ஹேக் நீதிமன்றம் 2019இல் அவரை விடுதலை செய்தது தனிக் கதை.)

பலரும் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அபூதியா அங்கேயே இருந்தார். அவருடைய வேலைக்கூடம் அந்த கோல்ஃப் ஹோட்டலுக்குப் பக்கத்தில். வரைந்துகொண்டிருக்கும்போதே குண்டு பறக்கும் சத்தம் கேட்குமாம். சுடுவது அதிகமானால் நிலவறைக்குள் இறங்கி ஒளிந்துகொண்டு, வெளியே என்ன நடக்கும் என்று மனசில் ஓட்டிப் பார்ப்பார், சத்தம் ஓய்ந்ததும் மேலே வந்து மனசில் ஓடியதை வரைவார். இதைப் படித்த பிறகுதான் அந்த உருவங்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. அவர் அந்தச் சிப்பாய்களை நேராகப் பார்த்து வரையவில்லை. காதால் கேட்டு வரைந்திருக்கிறார். வெளிச்சமில்லாத அறையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மேலே ஓடுகிறவனின் முட்டியும் தோளும் எப்படித் தெரியும்? பூட்ஸ் சத்தம் கேட்கும், சுடுகிற சத்தம் கேட்கும், யாரோ கத்துவது கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஒரு முகம் வைத்தால் கண்ணும் பல்லும்தானே வரும்?

அந்த வருடமே லண்டனில் ஜாக் பெல் கேலரி அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது, பத்திரிகைகள் எழுதின, நான் பார்த்த கேலரியின் சொந்தக்காரர் சாச்சி வாங்கினார். ‘போர் ஓவியர்’ என்று ஒரு பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை. எனக்குப் போர் தெரியாது, எனக்குப் பிள்ளைகளைத்தான் தெரியும், போர் அந்தப் பிள்ளைகள் வாழ்ந்த தெருவில் வந்து நடந்தது, அவ்வளவுதான் என்கிற தொனிதான் அவருடைய பேட்டிகளில் இருக்கிறது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கான்வாஸ் வெறும் பெயின்ட் இல்லை. அடியில் காகிதங்களை ஒட்டியிருக்கிறார். செய்தித்தாள் துண்டு, பத்திரிகையிலிருந்து வெட்டின படம், காமிக்ஸ், ஆப்பிரிக்க முகமூடிகளின், சிலைகளின் அச்சுப் படங்கள். அதன்மேல் அக்ரிலிக், அதன்மேல் ஆயில் பேஸ்டல் கோடு. ஆக, எட்ட நின்றால் சின்னப்பிள்ளை வரைந்த முகம், ஓரடி முன்னால் போனால் அந்தக் கன்னத்துக்குள்ளிருந்து ஒரு பழைய மர முகமூடி அரைகுறையாக எட்டிப் பார்க்கிறது, இன்னும் ஓரடி போனால் ஏதோ ஒரு பிரெஞ்சுச் செய்தியின் பாதி வாக்கியம். நான் அன்றைக்கு மூக்கு முட்டும் அளவுக்குப் போய்விட்டேன் போல, காவலுக்கு நின்ற அம்மா தொண்டையைச் செருமினார்.

தன் பாணிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘நூஷி’. அது அபிஜான் தெருவின் பேச்சுமொழி. பிரெஞ்சை எடுத்து, அதில் ஜூலா, பாவுலே, பெத்தே என்ற உள்ளூர் மொழிகளைக் கலந்து, நடுவில் ஆங்கிலத்தையும் தூவி, 1970கள் 80களில் தெருப் பையன்கள் செய்துகொண்ட பாஷை. மூக்கு முடி, அதாவது மீசை என்ற பொருளில் ஜூலாவிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். பழைய படங்களில் வரும் மீசைக்கார ரவுடி மாதிரி ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். ‘மோகோ’ என்றால் ஆள், ‘கோ’ என்றால் பெண்பிள்ளை. ஆங்கில ‘என்ஜாய்’ அந்த வாயில் விழுந்து ‘ஆன்ஜாயே’ ஆகி, இன்றைக்கு பாரிஸில் அச்சாகும் பிரெஞ்சு அகராதியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. முதலில் வாத்தியார்கள் இதைத் தப்பான பிரெஞ்சு என்று அடித்திருப்பார்கள். ஆனால் நூஷி பேசுகிறவன் பிரெஞ்சைத் தப்பாகப் பேசவில்லை, நூஷியைச் சரியாகப் பேசுகிறான். அபூதியா தன் ஓவியத்துக்கு இந்தப் பெயரை வைத்தது சும்மா ஊர்ப்பாசத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோணல் தலைகளும் தப்பாக வரைந்த உடம்புகள் இல்லை.

பாஸ்கியாவை இழுக்காமல் இவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நியூயார்க் சுவர்களில் எழுதித் தொடங்கி, 27 வயதில் 1988இல் இறந்துபோன அந்த மேதையின் மண்டையோடுகளும் பல்வரிசைகளும் இவர் ஓவியத்தோடு ஒத்துப்போவது உண்மைதான், கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். இதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல் இருக்கிறது. பாஸ்கியா 1986இல் அபிஜானுக்கே போயிருக்கிறார். அங்கிருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தில் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். வடக்கே கொரோகோ வரை போய் செனுஃபோ மக்களின் ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது அபூதியாவுக்கு மூன்று வயது, அபெங்குருவில் தலைப்பிரட்டை மனிதர்களை வரைந்துகொண்டிருந்திருக்கலாம். ஆக இவரைப் பார்த்து அவர், அவரைப் பார்த்து இவர் என்று கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை.

இன்னும் பின்னால் போனால் இன்னும் சிக்கல். பிக்காசோவிடம் க்ரேபோ மக்களின் முகமூடிகள் இருந்தன, லைபீரியா–ஐவரி கோஸ்ட் எல்லைப் பகுதியைச் சேர்ந்தவை. அந்த முகமூடியில் கண்ணைக் குழியாகச் செதுக்க மாட்டார்கள், குழாய் மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். 1912இல் பிக்காசோ அட்டையில் ஒரு கிட்டார் செய்கிறார், அதன் நடு ஓட்டை உள்ளே குழியாமல் குழாயாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முகமூடியிலிருந்து வந்த யோசனை அது என்று அவருடைய வியாபாரி கான்வைலர் எழுதியிருக்கிறார். உள்ளே போகவேண்டியதை வெளியே நீட்டினாலும் கண் அதைக் கண்ணென்றே படிக்கும் என்பதை அந்தக் காட்டு ஊர்ச் சிற்பி எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தான். பாரிஸ்காரர்கள் செய்தால் நவீன கலைப் புரட்சி, அபிஜான்காரன் தன் ஊர் முகமூடியைத் தன் கான்வாஸில் ஒட்டினால் “பாஸ்கியா மாதிரி இருக்கே!” இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

அபிஜானிலேயே இவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1970களிலிருந்து அங்கே கலைப் பள்ளியில் ‘வோஹு வோஹு’ என்று ஒரு கூட்டம் இயங்கியது, வெளிநாட்டுப் பெயின்டும் கான்வாஸும் விலை கட்டுப்படியாகாமல், மரப்பட்டைத் துணி, மண், மணல் என்று கையில் கிடைத்ததில் செய்தார்கள். ஃப்ரெடெரிக் ப்ரூலி புவாப்ரே என்றொரு தாத்தா இருந்தார், உள்ளங்கை அளவு அட்டைகளில் பேனாவும் கலர் பென்சிலுமாக வரைந்தே பெத்தே மொழிக்கு எழுத்துருவே செய்தவர், 2014இல்தான் காலமானார். இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் அபூதியாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவர் என்றால் அர்மான் புவா. அபிஜான்காரர், 1978இல் பிறந்தவர், அவர் வரைவதும் அதே தெருப் பிள்ளைகளைத்தான். கிழிந்த அட்டைப்பெட்டிகளை விரித்து, அதன்மேல் தாரும் அக்ரிலிக்கும் பூசி, அப்புறம் சுரண்டி, தேய்த்து, உரித்து எடுக்கிறார். மிச்சம் நிற்பது ஒரு பையனின் நிழல். முகம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கறை. நான் மேலே சண்டை போட்டேனே ‘சிதைவு’ என்ற சொல்லோடு, அது புவாவுக்குத்தான் அச்சாகப் பொருந்தும்: முதலில் உருவத்தை வைத்து, பிறகு நிஜமாகவே அதை அழிக்கிறார். அந்தப் பிள்ளைகளை ஊர் எப்படிப் பார்க்கிறதோ, பார்த்தும் பார்க்காமல் போகிறதோ, அப்படி அவர்கள் அட்டையில் நிற்கிறார்கள். அபூதியா நேர் எதிர். ஒட்டி, பூசி, கிறுக்கி, மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகிறார். ஊர் அந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பது புவாவிடம், பிள்ளைகள் ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அபூதியாவிடம். ஒரே தெருதான். புவாவின் படம் முன்னால் நின்றால் எனக்கு வருத்தம் வரும், அபூதியாவின் முன்னால் நின்றால் கொஞ்சம் பயம் வரும், ஏனென்றால் அங்கே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது பணக் கதை. 2022ஆம் வருடம் உலக ஏலங்களில் எண்ணிக்கையில் அதிகமாக விற்ற சமகாலக் கலைஞர் யார் என்று ஹிஸ்காக்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது. முதலிடம் அபூதியா, 75 படைப்புகள். இரண்டாவதாக பிரிட்டனின் பிரபலக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், 73. வகுப்பறைத் தரையில் படுத்த பையன், வைரம் பதித்த மண்டையோட்டுக்காரரையே தாண்டிவிட்டார். ஆனால் ஏலத்தில் விற்கும் காசு ஓவியன் கைக்குப் பெரும்பாலும் வருவதில்லை, முன்பே வாங்கி வைத்தவன்தான் விற்கிறான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே வருடத்தில் ஒருவருடைய 75 படங்கள் ஏலத்துக்கு வருகிறது என்றால், அதை ஆசையாக வாங்கி மாட்டியவர்கள் எத்தனை பேர், கைமாற்றுவதற்கென்றே வாங்கியவர்கள் எத்தனை பேர்? கானாவின் அமோவாகோ போவாஃபோ, அதுதான் விரலாலேயே தோலின் நிறத்தைக் குழைத்து வரைபவர், அவருடைய ஒரு படம் 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 6,75,000 பவுண்டுக்குப் போனதிலிருந்து மேற்கு ஆப்பிரிக்க முகங்களுக்கு இந்த அலை. அலைக்கு அதன் குணம் தெரியும், வந்த வேகத்தில் கொஞ்சம் இறங்கவும் செய்தது.

அபூதியா சம்பாதித்ததில் பிங்கர்வில்லில் பிள்ளைகளுக்கும் இளம் கலைஞர்களுக்குமாக ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார். ஆனாலும் சுவரில் கரிக்கட்டையால் காரை வரைந்த அந்தப் பையனின் கோடு கான்வாஸுக்கு ஏறி, நியூயார்க்குக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கும்போது, அந்தப் பையன் எங்கே என்ற கேள்வி எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அபூதியாவுக்கும் உறுத்தும் போல, இல்லாவிட்டால் அறக்கட்டளை எதற்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரசிகன் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் வரைந்த நிறைய படங்கள், ரோஸும் மஞ்சளும் நீலமுமாக, எனக்கு ஒன்றுபோல ஒன்று தெரிகின்றன. அதே கண், அதே பல், ஆனால் இப்போது அது அழகாக இருக்கிறது. பல் ஒரு அலங்காரமாக, கோலம் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. கடிக்கிற பல் இல்லை. இதை அந்தத் தோழனிடம் போனில் சொன்னபோது அவன் கேட்டான், “அப்போ அந்த ஆளு திரும்பவும் நிலவறைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கணும்ங்கறியா?” எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. 2011இன் அந்தக் கறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கறுப்புக்கு 3,000 பிணம் தேவைப்பட்டது. ஒரு மனுஷன் சந்தோஷமாக ரோஸ் கலர் பூசினால் எனக்கு என்ன நஷ்டம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லை, ஐந்து வயது மகளைச் சமாளிக்க வேண்டும். அவளுடைய ஆயில் பேஸ்டல் டப்பாவை எடுத்து டைனிங் டேபிளில் வைத்து, செல்போனில் அபூதியாவின் படமொன்றைத் திறந்து, வா ரெண்டு பேரும் இதைப் பார்த்து வரையலாம் என்றேன். நான் ரொம்பப் பிரயாசைப்பட்டேன். முதலில் தலைக்கு ஒரு கோணல் சதுரம். அதற்குள் கண் இரண்டு வட்டம், வேண்டுமென்றே ஒன்றைப் பெரிசாக, ஒன்றைச் சின்னதாகப் போட்டேன். மூக்கு. வாய். பார்த்தால் கார்ட்டூன் மாதிரி இருந்தது. கோணலாக வரைய முயற்சி செய்கிற ஒரு நேரான ஆள் அந்தக் காகிதத்தில் அப்பட்டமாகத் தெரிந்தான். கோட்டை நடுங்கவிட்டுப் பார்த்தேன், அதுவும் நடிப்பாகத்தான் இருந்தது. வகுப்பறையில் கற்றதை மறப்பதற்கு அந்த ஆள் எவ்வளவு வரைந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் பல்லில் ஆரம்பித்தாள். நான் கவனித்தேன், வெள்ளைத் தாளின் நட்டநடுவில் கறுப்பு பேஸ்டலை அழுத்திப் பிடித்து முதலில் ஒரு பல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு பல், சின்னச் சின்னக் கட்டமாக, எண்ணிக்கொண்டே. பதினாலு வரை எண்ணினாள், அப்புறம் கீழ் வரிசை. நடுவில் பேஸ்டல் உடைந்தது, உடைந்த துண்டாலேயே தொடர்ந்தாள். பல்லெல்லாம் முடிந்த பிறகு அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள், அது வாய். வாயைச் சுற்றி இன்னொரு கோடு, அது முகம். கண் இரண்டும் முகத்துக்குள் கொள்ளாமல் ஒன்று பாதி வெளியே வந்துவிட்டது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. தாளின் ஓரம் வரை முகம் வந்து முட்டி நின்றது. டேபிள் விரிப்பிலும் கொஞ்சம் கறுப்பு ஏறியிருந்தது, அதற்கு நான் அன்று சாயங்காலம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“உடம்பு எங்க பாப்பா?” என்றேன்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் பார்த்தாள். “இடம் இல்லப்பா. பல்லுக்கே சரியாப் போச்சு.”